ஏழு விழுக்காடு

ஆண்டுக்கொரு முறை நம் துறை மாணவர்களை மாமல்லபுரத்திற்கு அழைத்துச் செல்வது வழக்கம். கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் காட்டி முடித்தபின், எவரும் நின்று படமெடுக்காத, முற்றுப்பெறாத குடைவரை ஒன்றன் முன் அவர்களை உட்கார வைப்போம். முடிந்த சிற்பம் தன்னைச் செய்தவனை மறைத்துவிடுகிறது. முடியாத பாறைதான் அவன் எப்படி வேலை செய்தான் என்பதைச் சொல்கிறது. பாறையின் முகத்தில் கட்டம் கட்டமாகக் கோடு வெட்டியிருக்கிறார்கள். கோடுகளுக்கிடையே புடைத்து நிற்கும் சதுரங்களைத் தட்டி எடுத்திருக்கிறார்கள். பிறகு மீண்டும் கட்டம் போட்டு உள்ளே சென்றிருக்கிறார்கள். ஊரின் மேற்கே உள்ள பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் இவ்வாறே பாதியில் நிற்பவை. ஓர் ஆள் ஒரு நாளில் எத்தனை சதுரம் எடுத்தான் என்று எவரேனும் கணக்கு வைத்திருப்பாரோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு. கல்வெட்டு அதைச் சொல்வதில்லை.

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிறன்று அங்கே நம்மைத் தேடி வந்தாள் ஒரு பழைய மாணவி. திருக்கழுக்குன்றத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே ஒரு சிற்றூர் அவளுக்கு. தந்தை சிற்பக்கூடமொன்றில் கல் வேலை செய்பவர். ஆறு ஆண்டுகளுக்கு முன் இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டில் படிப்பை விட்டவள். விட்டவள் என்று எழுதுவது எளிது. அதில் நம் பங்கும் உண்டு என்பதைப் பின்னர் சொல்கிறோம்.

ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறாள். விடியுமுன்னே கம்பெனிப் பேருந்துகள் மதுராந்தகம், உத்திரமேரூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டைக் கடந்து போவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 1984இல் தாம்பரத்தில் ஏற்றுமதி மண்டலம் அமைந்தது. பின்னர்ப் பரனூர் அருகே மகிந்திரா நகரம் எழுந்தபோது, ஆடைத் தொழிலுக்கென்றே அதில் ஒரு தனி மண்டலம் ஒதுக்கப்பட்டது. நம் வகுப்பறைகளில் அமரும் பிள்ளைகள் பலரின் தாய்மார் இத்தகைய தையற்கூடங்களில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.

"ஐயா, நான் இப்ப மிஷின்ல இல்ல. வாட்ச் பிடிக்கிறேன்" என்றாள்.

நமக்கு விளங்கவில்லை. அவள் விளக்கினாள். நான்கு ஆண்டுகள் சட்டைக்குக் காலர் வைத்துத் தைத்தவள். கல்லூரி வாசல் மிதித்தவள் என்பதாலும் எழுத்து திருத்தமாக இருக்கும் என்பதாலும் 'ஐ.இ.' எனப்படும் தொழிலகப் பொறியியல் பிரிவில் உதவியாளாகப் போட்டிருக்கிறார்கள். கையில் ஸ்டாப் வாட்ச்சும் அட்டையில் செருகிய தாளுமாக, நேற்றுவரை பக்கத்து மிஷினில் இருந்த தோழியின் முன் நின்று, அவள் ஒரு பீஸ் தைக்க எத்தனை விநாடி ஆகிறது என்று எழுத வேண்டும். "நான் வந்து நின்னா பேச்சு நின்னு போவுது ஐயா" என்றாள். அந்தத் தாளைத்தான் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். அதிலுள்ள சொற்களைத் தமிழில் எழுதித்தர வேண்டும் என்பது அவள் கோரிக்கை.

கணக்கை அவளே நமக்குப் பாடமாக நடத்தினாள். வகுப்பில் நாம் கேட்ட கேள்விக்கு ஒரு நாளும் எழுந்து விடை சொல்லாத பெண் அவள்.

ஒருத்தி ஒரு வேலையைப் பத்து முறை செய்வதைக் கவனிக்கிறார்கள். சராசரி 40 விநாடி என்று கொள்வோம். அவள் இயல்பான வேகத்தில் செய்தாளா, மெதுவாகச் செய்தாளா என்று பார்ப்பவர் ஒரு மதிப்பெண் போடுகிறார். அதற்கு 'ரேட்டிங்' என்று பெயர். 90 என்று போட்டால் 40 விநாடி 36 ஆகிவிடும். அதனோடு 'அலவன்ஸ்' 15 விழுக்காடு கூட்டினால் 41.4 விநாடி. அப்படியானால் மணிக்கு ஏறக்குறைய 87 பீஸ். அதே பெண்ணுக்கு ரேட்டிங் 100 என்று போட்டிருந்தால் 46 விநாடி, மணிக்கு 78 பீஸ்தான். மணிக்கு 9 வீதம் எட்டு மணி நேரத்திற்கு 72 பீஸ் வேறுபாடு. கடிகாரம் பொய் சொல்லவில்லை. கடிகாரம் பிடித்தவரின் கண் போட்ட மதிப்பெண்தான் அந்த 72. "அந்தப் பத்து மார்க்கு என் கையில இருக்கு ஐயா. அதான் பயமா இருக்கு" என்றாள்.

இவ்வாறு ஒவ்வொரு வேலைக்கும் கிடைக்கும் நேரத்தைக் கூட்டினால் ஒரு சட்டைக்குரிய நேரம் வரும். அதைத் தொழிலில் 'சாம்' என்கிறார்கள். ஒரு சட்டைக்கு 20 நிமிடம், வரிசையில் 40 பேர், நாளுக்கு 480 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் செலவான நேரம் 19,200 நிமிடம். அன்று 480 சட்டை முடிந்திருந்தால், உருவாகிய நேரம் 9,600 நிமிடம். திறன் 50 விழுக்காடு. இந்த எண்தான் மாலையில் அலுவலகத்திற்குப் போகிறது. 50 என்றால் 40 பேரும் பாதி நேரம் சும்மா இருந்தார்கள் என்று மேலே இருப்பவர்கள் படிக்கிறார்கள்.

உண்மை அதுவன்று என்பதைக் காலர் வைத்தவள் அறிவாள். வரிசையில் மற்ற வேலைகள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்தில் முடிய, காலர் பொருத்துவதற்கு மட்டும் ஒன்றரை நிமிடம் ஆகுமென்றால், மற்றவர்கள் மணிக்கு 60 கொடுத்தாலும் வரிசை 40 சட்டைதான் தரும். காலர்க்காரியின் முன்னே பண்டல் மலைபோல் குவியும். அவளுக்குப் பின்னே இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். சூப்பர்வைசர் வந்து எல்லாரையும் ஒருசேர விரட்டுவார். விரட்டினால் குவியல் வளருமேயன்றிச் சட்டை கூடாது. காலருக்கு இன்னொரு மிஷினைப் போட்டால் அந்த இடத்தில் மணிக்கு 80 ஆகும். வரிசை 60க்கு ஏறும். ஊசி முறிந்து மெக்கானிக்குக்காகக் காத்திருந்தது, வெட்டுப் பிரிவிலிருந்து துணி வராதது, நிறம் மாறி வந்த நூலைப் பிரித்துத் தைத்தது எல்லாம் அந்த ஒற்றை எண்ணுக்குள் அடங்கி, தைத்தவளின் சோம்பலாக வெளியே வருகின்றன.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது நமக்கு உள்ளே ஏதோ உறுத்தத் தொடங்கியது.

வீடு திரும்பியபின் இத்துறையின் வரலாற்றைச் சற்றே தேடிப் படித்தோம். கடிகாரத்தைத் தொழிற்கூடத்திற்குள் கொண்டுவந்தவர் என அறியப்படுபவர் அமெரிக்கரான பிரெடரிக் டெய்லர். 1911இல் வெளிவந்த அவரது 'அறிவியல் மேலாண்மைக் கோட்பாடுகள்' நூலில் இரும்புப் பாளம் சுமக்கும் ஒரு தொழிலாளியின் கதை வருகிறது. நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் சுமந்தவர் நாற்பத்தேழரை டன் சுமந்தார். கூலி ஒரு டாலர் 15 சென்ட்டிலிருந்து ஒரு டாலர் 85 சென்ட் ஆயிற்று என்கிறார் டெய்லர். சுமை ஏறக்குறைய நான்கு மடங்கு. கூலி இரண்டு மடங்குகூட இல்லை. அதே 1911இல் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில் கடிகாரத்தோடு ஒருவர் வந்து நின்றபோது வார்ப்புத் தொழிலாளர்கள் வெளிநடப்புச் செய்தனர். அமெரிக்க நாடாளுமன்றம் விசாரணை நடத்தியது. 1915இல் படைத்துறை நிதிச் சட்டத்தில் ஸ்டாப் வாட்ச்சுக்குத் தடை எழுதப்பட்டது. அத்தடை 1949 வரை நீடித்தது.

ஆனால் இவ்வரலாற்றில் இன்னொரு கிளையும் உண்டு. பிராங்க் கில்பிரெத் என்பவர் கொத்தனாராகத் தொழில் தொடங்கியவர். செங்கல் அடுக்கும் ஒருவர் ஒரு கல்லுக்குப் பதினெட்டு அசைவுகள் செய்வதைக் கண்டு, அவற்றை ஐந்துக்கும் கீழே குறைத்தார். விரட்டிக் குறைக்கவில்லை. கல்லும் சாந்தும் இடுப்பளவு உயரத்தில் இருக்கும்படி சாரத்தை அமைத்தார். ஒவ்வொரு கல்லுக்கும் குனிந்து நிமிர வேண்டிய தேவை போயிற்று. மணிக்கு 120 கல் என்றிருந்தது 350 ஆயிற்று.

அவர் மனைவி லில்லியன் கில்பிரெத்தைப் பற்றிப் படித்தபோது நமக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைப்பதற்கில்லை. பெர்க்கிலியில் 1902இல் இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். பென் ஜான்சனின் நாடகமொன்றை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டவர். பின்னர் உளவியலில் முனைவர் பட்டமும் பெற்றார். பன்னிரண்டு குழந்தைகளுக்குத் தாய். கணவரும் மனைவியும் சேர்ந்து 1916இல் களைப்பைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதினர். வேலை செய்பவர் ஏன் களைக்கிறார், எந்த நாற்காலியில் அமர்ந்தால் களைப்புக் குறையும், எப்போது ஓய்வு தர வேண்டும் என்பவை அந்நூலின் கேள்விகள். தமிழ் படித்துவிட்டு என்ன செய்வது என்று நம் மாணவர்கள் கேட்கும்போது இனி இப்பெயரையும் சொல்லலாம்.

அவ்வழியில் வந்த ஆய்வுகள் நம் பக்கத்திலும் நடந்திருக்கின்றன. பெங்களூரு வட்டாரத் தையற்கூடங்களில் பழைய குழல் விளக்குகளுக்குப் பதில் எல்.இ.டி. விளக்குகள் பொருத்தப்பட்டன. மின்செலவைக் குறைப்பதுதான் நோக்கம். ஆனால் வெக்கை குறைந்ததால் கோடை நாட்களில் தைப்பவர்களின் திறன் சரியாமல் நின்றது என்று அச்யுதா அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நிஷாதம் ஆகிய பொருளியல் அறிஞர்கள் 2020இல் வெளியான கட்டுரையில் காட்டினர். பங்குனி, சித்திரையில் செங்கல்பட்டுத் தகரக் கூரையின் கீழ் நின்றவர்களுக்கு இதற்கு ஆய்வு தேவையில்லை. ஆனாலும் எண்ணாக எழுதிக் காட்டினால்தான் சில காதுகளில் ஏறுகிறது.

நாளை நீட்டுவதும் திறனைக் கூட்டுவதும் ஒன்றல்ல என்பதையும் இந்தக் கணக்கே சொல்கிறது. எட்டு மணி நேரத்தைப் பன்னிரண்டாக்கினால் சட்டை கூடலாம். செலவான நேரமும் உடன் கூடும். களைத்த கையின் விழுக்காடு இறங்கவே செய்யும். 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த முன்வரைவு தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. எதிர்ப்பு எழுந்தபின், மே முதல் நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடிய 1923க்குச் சரியாக நூறாண்டு கழித்து நடந்தது இது.

கூலியின் கதையும் இப்படியே. 2014இல் தையல் தொழிலுக்கான குறைந்தபட்ச ஊதியத்தைத் தமிழக அரசு உயர்த்தியது. உற்பத்தியாளர்கள் நீதிமன்றம் சென்றனர். 2016இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாணையை உறுதி செய்தது. விநாடியை எண்ணுகிற தொழிலில் கூலிக்கு மட்டும் ஆண்டுகள் எண்ணப்படுகின்றன.

தாளுக்கு வருவோம். நம் மாணவி நம்மைத் தேடி வந்ததற்குக் காரணம் 'அலவன்ஸ்' என்ற அந்த ஒரு சொல். "பஞ்சப்படி மாதிரி ஏதோ பணம்னுதான் நெனச்சிருந்தேன் ஐயா. இது நேரமாம்" என்றாள். அவள் தாளில் இருந்த 15 விழுக்காட்டின் உட்பிரிவுகள் அடியில் சிறிய எழுத்தில் இருந்தன. களைப்புக்கு 4, கண் உறுத்தல், இரைச்சல் முதலியவற்றுக்கு 4, தன் தேவைக்கு 7. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் பழைய வேலை ஆய்வு நூலிலும் ஆணுக்கு 5, பெண்ணுக்கு 7 என்று இந்த எண் உண்டு. தண்ணீர் குடிக்க, கழிப்பறை செல்ல, முகம் கழுவ என்று வேலை நேரத்தோடு கூட்டியே வைத்த பங்கு அது. எட்டு மணி நேர நாளில் ஏறத்தாழ அரை மணி.

"நாலு வருஷம் ஐயா. டார்கெட் போயிடும்னு தண்ணி குடிக்காம இருந்தோம். பாத்ரூம் போனா எத்தினி வாட்டிடின்னு கேப்பாங்க. நீர்க்கடுப்பு வராத பொண்ணு எங்க லைன்ல இல்ல. அந்த அரை மணி மொதல்லயே டார்கெட்டுக்குள்ள கழிச்சி வெச்சதுன்னு ஒருத்தரும் சொல்லல."

அவள் குரலில் சினம் இல்லை, வியப்புதான் இருந்தது. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழகத் தையற்கூடப் பெண்கள் ஏறக்குறைய நூறு பேரிடம் பேசி வெளியிட்ட செய்தி நம் நினைவுக்கு வந்தது. மாதவிலக்கு வலிக்குப் பெயரில்லாத மாத்திரையைக் கொடுத்து வேலையில் நிறுத்தினார்கள் என்று அப்பெண்கள் கூறியிருந்தனர். கணக்கில் எழுதிய ஓய்வைத் தராமல், அதே கணக்கின் இலக்கை மட்டும் கேட்பதற்கு அளவை என்று பெயரில்லை. ஒரு முகவையைக் கொண்டு வாங்கும்போது குவித்தும் கொடுக்கும்போது தலைதட்டியும் அளப்பவனை நம் ஊர்ச் சந்தையில் என்ன சொல்வார்களோ, அதுதான் இதற்கும் பெயர்.

சொல்லுக்கு வந்தோம். தமிழில் தையற்காரரைத் துன்னகாரர் என்கிறது சிலப்பதிகாரம். நீர்க்கடிகையைப் பார்த்துப் பொழுது அறிவிப்போரை முல்லைப்பாட்டில் காண்கிறோம். நாழிகைக் கணக்கர் என்பது அவர்களுக்கு வழங்கும் பெயர். உன் வேலைக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பெயர் இருக்கிறது என்று அவளிடம் சொன்னபோது சிரித்தாள். 'சாம்' என்பதற்குச் செந்தர நேரம் என்றோம், எழுதிக்கொண்டாள். ரேட்டிங்குக்கு வேக மதிப்பு, அதையும் எழுதிக்கொண்டாள். 'அலவன்ஸ்' என்பதற்கு விடுநேரம் என்று சொன்னோம். அச்சொல் நமக்கே அழகாகத் தோன்றியது.

அவள் எழுதவில்லை. சற்று நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "விடுறதுன்னா அவங்க விட்டாத்தான ஐயா? இது நம்மளுதுதான?" என்றாள்.

வேறென்ன எழுதலாம் என்று அவளையே கேட்டோம். "உரிய நேரம்" என்று எழுதினாள்.

இருபது ஆண்டுகளாகக் கலைச்சொல்லாக்கம் பற்றிப் பாடம் நடத்துகிறோம். வேர்ச்சொல்லும் ஒலிநயமும் பார்ப்போமே தவிர, அச்சொல் யார் கையில் எதைக் கொடுக்கிறது, எதைப் பறிக்கிறது என்று பார்த்ததில்லை.

மறுநாள் முதல் அளக்கச் செல்லும்போது, அத்தாளைத் தோழிக்கும் காட்டிவிட்டே கடிகாரத்தை அழுத்தப் போவதாகச் சொன்னாள். அதற்கு அனுமதி உண்டா என்று கேட்டோம். "தெரியல ஐயா. கேட்டா வேணாம்னுவாங்க. அதனால கேக்கல" என்றாள். வேலைக்கு ஆபத்து வருமே என்றோம். வரலாம் என்றாள்.

இனி, சொல்வதாகச் சொன்னதைச் சொல்லிவிடுகிறோம். ஆறு ஆண்டுகளுக்கு முன் அவளது வருகைப் பதிவு 71 விழுக்காடு. தேர்வெழுத 75 வேண்டும். மருத்துவச் சான்று தந்து கட்டணம் கட்டினால் விலக்கு உண்டு. நோயில்லாதவள் நோயென்று எழுதித் தரமாட்டேன் என்றாள். நாம் பட்டியலில் கையெழுத்திட்டோம். அந்தப் பருவத் தேர்வு போயிற்று. அடுத்த மாதம் அவள் கம்பெனிப் பேருந்தில் ஏறினாள். குறைந்த நாட்களெல்லாம் முதல் மணி நேர வகுப்புகள் என்பதும், அவள் ஊருக்கு வரும் ஒரே பேருந்து வாரத்தில் பாதி நாள் தாமதமாக வந்தது என்பதும் மாமல்லபுரத்துப் பாறையருகே அமர்ந்திருந்த அந்த ஞாயிறன்றுதான் நமக்குத் தெரியும். நாம் கேட்காததால் அவள் சொல்லவில்லை. பண்டல் வராததற்குத் தைப்பவளைத் திட்டும் சூப்பர்வைசருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு என்று எண்ணிப் பார்த்தோம். அவர் முகத்துக்கு நேரே திட்டுகிறார். நாம் பச்சை மையில் கையெழுத்திட்டோம்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, "விடுங்க ஐயா, அந்தச் சொல்ல எழுதிக் குடுத்தீங்களே" என்று பேச்சை மாற்றிவிட்டாள். உண்மையில் அச்சொல்லை எழுதியது அவள்தான். அவள் தந்தை சிற்பக்கூடத்தில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். இப்போதெல்லாம் உளியைவிட அறுக்கும் எந்திரத்தின் ஓசைதான் அத்தெருவில் கூடுதலாகக் கேட்கிறது. வேலை விரைந்து முடிகிறது. கல்தூசு மூச்சுக்குள் போகிறது. அதற்கும் ஓர் அளவை இருக்கத்தான் வேண்டும்.

இந்தப் பருவத்தின் வருகைப் பட்டியல் இப்போது நம் மேசைமேல் இருக்கிறது. 75க்குக் கீழே மூன்று பெயர்கள். நாளை காலை அம்மூவரையும் தனித்தனியே அழைத்து, எந்தப் பேருந்தில் வருகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறப்பதென்று இருக்கிறோம்.